மோஷன் கிராஃபிக்ஸ், விஎஃப்எக்ஸ் கற்க எந்த மென்பொருளில் தொடங்கலாம்?

எடிட்டிங் ஓரளவு தெரியும், 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் இருக்கிறது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிளெண்டர், நியூக் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள், எதில் கைவைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பிழைப்பே இதுதான். ஒரு வாரம் டைட்டில் அனிமேஷன் என்றால் அடுத்த வாரம் காம்போசிட்டிங் (தனித்தனியாக எடுத்த படங்களை ஒரே ஷாட்டாகச் சேர்ப்பது). அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சேர்த்துக் கேட்டிருப்பவை இரண்டு தனித்தனி வேலைகள். வெற்றுத் திரையில் எழுத்தையும் வடிவங்களையும் வைத்து அசைப்பது மோஷன் கிராஃபிக்ஸ். ஏற்கெனவே எடுத்த ஷாட்டுக்குள் இல்லாத ஒன்றைக் கொண்டுவருவதும், இருக்கும் ஒன்றைத் தடமில்லாமல் அழிப்பதும் விஎஃப்எக்ஸ். இரண்டையும் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் தொடங்கும்போது இரண்டையும் ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டால் எதுவும் கைக்கு வராது. உங்களுக்கு எதைப் பார்த்தால் கை பரபரக்கிறது? நல்ல டைட்டில் சீக்வென்ஸா, அல்லது 'இதை எப்படிச் சேர்த்தான்?' என்று கேட்கவைக்கிற ஷாட்டா? அதை வைத்து முடிவெடுங்கள்.

டைட்டில் பக்கம் மனம் போனால் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். 1993-இல் வந்த மென்பொருள், அடுத்த ஆண்டே அடோபியின் கைக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: ஒரு டைம்லைன், அதில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்கள். எடிட்டிங்கிலிருந்து வருகிற உங்களுக்கு இது உடனே பிடிபடும். சந்தா கட்டித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது மட்டும் குறை.

காசு செலவழிக்க இப்போது மனமில்லை என்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். 2018-இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து ஃபியூஷன் அதற்குள்ளேயே ஒரு பக்கமாக இருக்கிறது. அது லேயர் முறை அல்ல, நோட் முறை. ஒவ்வொரு செயலும் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிகளைக் கோட்டால் இணைக்கிறீர்கள். முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஷாட் சிக்கலாகும்போது எது எதற்குள் போகிறது என்பது படம் போட்டது மாதிரி கண்ணெதிரே இருக்கும். லேயர் முறையில் ப்ரீகாம்புக்குள் (பல லேயர்களை ஒன்றாகக் கட்டிவைத்த தொகுப்பு) ப்ரீகாம்ப், அதற்குள் இன்னொன்று என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டும்.

காம்போசிட்டிங்தான் தொழில் என்று முடிவெடுத்துவிட்டவர்களுக்கு நியூக். பெரிய விஎஃப்எக்ஸ் ஸ்டுடியோக்களில் காம்போசிட்டிங் பிரிவுக்குள் நுழைந்தால் பெரும்பாலும் இதுதான் திறந்திருக்கும். கற்றுக்கொள்ள இலவசமான, வணிகமல்லாத பதிப்பு உண்டு. அதில் அவுட்புட் 1920 × 1080-க்கு மேல் போகாது, பயிற்சிக்கு அது தாராளம். ஃபியூஷனில் பழகியவருக்கு நியூக் அந்நியமாகத் தெரியாது. அதனால் முதலில் ஃபியூஷன், பிறகு நியூக் என்று போவதும் நல்ல வழிதான்.

பிளெண்டர் 3டி-க்கு. இலவசம், கேமரா டிராக்கிங்கும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மாடலிங், லைட்டிங், ரெண்டரிங் என்று அது தனி உலகம், உள்ளே போனால் மாதங்கள் ஓடிவிடும். 2டி-யில் ஓரளவு கை வந்தபின் போங்கள். புகை, தீ, இடிபாடு போன்றவற்றுக்கான ஹௌடினியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஒன்றை எடுத்தால் சில மாதமாவது அதிலேயே இருங்கள். 'அதில் இந்த எஃபெக்ட் சுலபமாமே' என்று யாராவது சொன்னதும் தாவுகிறவர்கள், நாலு மென்பொருளில் இன்டர்ஃபேஸ் மட்டும் தெரிந்தவர்களாக நின்றுவிடுகிறார்கள்.

சரி, மென்பொருள் வந்துவிட்டது. என்ன செய்வது? பெரும்பாலானோர் எஃபெக்ட்ஸ் மெனுவைத் திறந்து மின்னல், தீ, ஒளிவட்டம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஜாலியாக இருக்கும், பாருங்கள், தப்பில்லை. ஆனால் வேலை கற்கிற இடம் அது இல்லை, டைமிங்.

ஒரே ஒரு சொல்லை டைப் செய்யுங்கள். அதை இடமிருந்து 600 பிக்சல் நகர்த்தி நடுவில் நிறுத்துங்கள், ஒரு விநாடியில், அதாவது 24 ஃபிரேமில். தொடக்கத்தில் ஒரு கீஃபிரேம் (இந்த ஃபிரேமில் இங்கே இரு என்று வைக்கும் குறி), முடிவில் ஒரு கீஃபிரேம். அப்படியே ஓடவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக 25 பிக்சல் நகரும், கடைசியில் சுவரில் மோதியது போல் டக்கென்று நிற்கும். இப்போது கடைசி கீஃபிரேமைத் தேர்ந்தெடுத்து ஈஸ் கொடுங்கள் (அசைவை மெல்லத் தளரவைப்பது, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் எஃப்9). பிறகு கிராஃப் எடிட்டரைத் திறந்து, முதலில் வேகமாகக் கிளம்பி முடிவில் நன்றாகத் தளர்கிற மாதிரி கர்வை இழுங்கள். முதல் ஃபிரேமிலேயே 70 பிக்சல் அளவுக்குப் பாயும். பாதி நேரம் முடிவதற்குள் முக்கால்வாசித் தூரத்துக்கு மேல் கடந்திருக்கும். கடைசி மூன்று ஃபிரேம்களிலும் சேர்த்தே ஒரு பிக்சல் அளவுதான் நகரும். அதே சொல், அதே தூரம், அதே ஒரு விநாடி. ஆனால் இப்போது அதற்கு எடை வந்திருக்கும்.

இதோடு விடாதீர்கள். அதே சொல்லை 10 பிக்சல் தாண்டிப் போய்த் திரும்பி வரும்படி செய்யுங்கள். எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இரண்டு ஃபிரேம் தாமதமாகக் கிளம்பும்படி செய்யுங்கள். அதையே நாலு ஃபிரேமாக்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அதே அசைவைக் கனமான இரும்புக் குண்டு மாதிரியும், காற்றில் மிதக்கும் காகிதம் மாதிரியும் செய்ய முடிகிறதா? செருகுநிரல் எதுவும் இல்லாமல், வெறும் பொசிஷனையும் ரொட்டேஷனையும் வைத்து இதைச் செய்துவிட்டால், மோஷன் கிராஃபிக்ஸில் கஷ்டமான பாதி உங்கள் கையில் என்று சொல்வேன். ஒரு விஷயம்: ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் பொசிஷனின் எக்ஸும் ஒய்யும் சேர்ந்தே இருக்கும். வேல்யூ கிராஃபில் தனித்தனியாக இழுக்க, பொசிஷன் மேல் வலது கிளிக் செய்து 'செபரேட் டைமென்ஷன்ஸ்' கொடுக்க வேண்டும். இது தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்கிறவர்கள் ஏராளம்.

விஎஃப்எக்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி வெடிகுண்டு ஷாட் இல்லை, செல்போன் திரையை மாற்றுவது. அணைத்து வைத்த போனை ஒருவர் கையில் பிடித்திருக்க, ஐந்து விநாடி எடுங்கள். கேமரா லேசாக ஆடட்டும். ஒரு விரல் ஒருமுறையாவது திரையைக் கடக்கட்டும். போனில் எடுத்த வீடியோ என்றால் ஃபிரேம் ரேட் சீராக இருக்காது. ஹேண்ட்பிரேக் போன்ற ஒன்றில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் டிராக் போகப் போக நழுவும், காரணம் புரியாது.

ஒரு தட்டையான பரப்பின் அசைவைப் பின்தொடரும் பிளேனர் டிராக்கரில் (ஆஃப்டர் எஃபெக்ட்ஸோடு வரும் மோக்கா போதும்) திரையின் தளத்தை டிராக் செய்து, நாலு மூலையிலும் உங்கள் படத்தைப் பொருத்துங்கள். பொருந்திவிடும். ஆனால் ஒட்டவைத்தது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏன் என்று தேடுவதில்தான் காம்போசிட்டிங் இருக்கிறது.

உங்கள் படத்தின் கருப்பு சுத்தக் கருப்பு. ஷாட்டில் இருக்கும் போனின் கருப்போ அறை வெளிச்சம் பட்டு லேசாகச் சாம்பலேறி, கொஞ்சம் நீலமோ மஞ்சளோ கலந்திருக்கும். வியூவரின் எக்ஸ்போஷரை ஏற்றிப் பாருங்கள் (இது ரெண்டரைத் தொடாது), வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உங்கள் படத்தின் கருப்பை அந்த அளவுக்குத் தூக்குங்கள். அடுத்து, அணைந்த திரையில் விழுந்த பிரதிபலிப்பு: அதைத் தூக்கி எறியாமல் உங்கள் படத்தின் மேல் ஸ்கிரீன் மோடில் (கருப்பு மறைந்து வெளிச்சம் மட்டும் தெரியும் முறை) திரும்பப் போடுங்கள். கண்ணாடி வந்துவிடும். ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் இருக்கிறதா? ஷாட்டில் வேறு ஓரங்கள் எவ்வளவு மங்கலோ அவ்வளவு மங்கல் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். கேமரா ஆடும்போது மற்றதெல்லாம் மங்க, உங்கள் படம் மட்டும் கூர்மையாக நிற்கும். மோஷன் பிளரைப் போடுங்கள். சினிமாவில் வழக்கமான 180 டிகிரி ஷட்டர் என்றால் 24 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமும் 1/48 விநாடி வெளிச்சம் வாங்கும். போன் வெளியில் வெயிலில் எடுத்தால் அதைவிட மிகக் குறைந்த நேரம்தான் வாங்கும், ஆகவே பிளரும் குறைவு. கடைசியாக கிரெயின். ஷாட்டில் புள்ளிகள் நெளிந்துகொண்டிருக்க, உங்கள் படம் மட்டும் துடைத்து வைத்தாற்போல் இருந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

விரல் கடக்கும் இடத்தை ரோட்டோ செய்ய வேண்டும், அதாவது விரலின் ஓரத்தைக் கையால் வரைந்து பிரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், நான் மறுக்கவில்லை. விரலை ஒரே வடிவமாக வரையாதீர்கள். மூட்டுக்கு மூட்டு தனி வடிவமாகப் பிரித்து, அசைவு திசை மாறும் ஃபிரேம்களில் மட்டும் கீஃபிரேம் வையுங்கள். எல்லா ஃபிரேமிலும் வைத்தால் ஓரம் கொதிக்கிற மாதிரி நடுங்கும். இதற்கெல்லாம் இப்போது ஏஐ கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன், முதல் சுற்றுக்கு நன்றாகவே உதவுகிறது. தலைமுடியும், வேகத்தில் மங்கிய விரலோரமும் வந்தால் பல நேரம் அது தடுமாறும். அங்கே கையால் சரிசெய்யத் தெரிந்தவருக்குத்தான் வேலை.

கிரீன் மேட் (பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்து, பிறகு பச்சையை நீக்குவது) பற்றி ஒரு வார்த்தை. கேமரா சென்சாரில் பச்சைப் புள்ளிகள் சிவப்பைப் போல இரண்டு மடங்கு, நீலத்தைப் போலவும் இரண்டு மடங்கு என்பதால் பச்சைச் சேனலில் நாய்ஸ் குறைவு, அதனால் பச்சை. ஆனால் போனும் சாதாரண கேமராவும் பெரும்பாலும் 4:2:0 முறையில் பதியும், நிறத் தகவல் கால்வாசிதான் மிஞ்சும். கீ எடுத்தால், அதாவது பச்சையை நீக்கினால், ஓரம் படிக்கட்டு மாதிரி வருவது அதனால்தான். கீயரின் ஸ்லைடரை எவ்வளவு திருகினாலும் கோப்பில் இல்லாதது வராது.

படத்தில் எந்த இடம் எவ்வளவு ஊடுருவித் தெரியும் என்று சொல்லும் ஆல்ஃபா சேனலைச் சீக்கிரமே புரிந்துகொள்ளுங்கள். லோகோவைச் சுற்றி மெல்லிய கருங்கோடு வருகிறது என்ற புகார் எல்லோரிடமும் உண்டு. பெரும்பாலும் அந்தக் கோப்பு ப்ரீமல்டிப்ளைடு, அதாவது ஓரத்தில் பின்னணிக் கருப்பு ஏற்கெனவே கலந்தது. மென்பொருள் அதை ஸ்ட்ரெய்ட் (பின்னணி கலக்காதது) என்று நினைத்துப் படிக்கிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் இன்டர்பிரெட் ஃபுட்டேஜில் மாற்றினால் போய்விடும். மாஸ்க்கைச் சுருக்கி மறைப்பது குறுக்குவழி, எழுத்தின் மெல்லிய பகுதிகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

டுடோரியல் பாருங்கள், ஆனால் நிறுத்தி நிறுத்தி அதையே காப்பி எடுக்காதீர்கள். ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு, மூடிவிட்டு, வேறு எழுத்து, வேறு படத்தில் செய்து பாருங்கள். மாட்டிக்கொள்ளும் இடம்தான் நீங்கள் கற்க வேண்டிய இடம். டெம்ப்ளேட்டை வாங்கிப் பெயரை மாற்றுவது அவசரத்துக்கு ஆகும். போர்ட்ஃபோலியோவில் மட்டும் வைக்காதீர்கள். பார்க்கிற ஆள் அதே டெம்ப்ளேட்டை அந்த வாரமே வேறு ரீலில் பார்த்திருப்பார்.

உங்கள் லேப்டாப் விஷயம். முழு எச்டி ஃபிரேம் ஒன்று, ஆல்ஃபாவோடு 8 பிட்டில் சுமார் 8 எம்பி. 10 விநாடிக்கு 240 ஃபிரேம், கிட்டத்தட்ட 2 ஜிபி. 16 பிட்டில் அது 4 ஜிபி. இதையே 4கே-யில் செய்தால் 16 ஜிபி, உங்கள் ராம் மொத்தமும் காலி. ஆகவே எச்டி-யிலேயே பழகுங்கள், பிரிவியூவைப் பாதி ரெசல்யூஷனில் வையுங்கள், கேஷை (மென்பொருள் தற்காலிகமாகச் சேமித்து வைப்பதை) எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள். ஆல்ஃபா வேண்டுமென்றால் வழக்கமான எச்.264 எம்பி4 உதவாது, புரோரெஸ் 4444 அல்லது பிஎன்ஜி சீக்வென்ஸ். நீளமான ரெண்டர் எதுவாக இருந்தாலும் நான் சீக்வென்ஸாகத்தான் எடுப்பேன். 300ஆவது ஃபிரேமில் மெஷின் தொங்கினாலும் அங்கிருந்தே தொடரலாம். எம்பி4 என்றால் பாதியில் நின்ற கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது.