முதல்முறையாக டெஸ்க்டாப் அசெம்பிள் செய்கிறேன். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்விக்குக் கீழே, "சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும்தானே, மற்றதெல்லாம் தானாகப் பொருந்திவிடும் என்கிறார்களே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டுத் தாண்டிப்போக என்னால் முடியவில்லை. அழகாகப் பொருந்திய ஒரு கேபிளால் ஒரே நொடியில் இரண்டு டிஸ்க்கைப் பறிகொடுத்தவன் நான்.

உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். ப்ராசசர் முடிவாகிவிட்டது. கிராபிக்ஸ் கார்டு பற்றி ஒரு மாதமாக வீடியோ பார்க்கிறீர்கள். மதர்போர்டு இரண்டில் ஒன்று என்று நிற்கிறது. எஸ்.எம்.பி.எஸ். (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), கேபினட் இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பீர்கள். பழைய மெஷினில் நன்றாக இருக்கும் ஒன்றிரண்டு சாமான்களைக் கழற்றிப் போட்டுக்கொள்ளும் எண்ணமும் இருக்கும். இல்லை என்றால் மன்னிக்கவும், ஆனால் இருக்கும்.

நுழையாத பாகத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு ராமுக்கும் 288 பின்தான், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் வேறு இடத்தில். மாற்றி வாங்கிவிட்டால் ஸ்லாட்டுக்குள் போகாது, அவ்வளவுதான். அலைச்சல், எரிச்சல், வேறொன்றுமில்லை. பயப்பட வேண்டியது 'க்ளிக்' என்று உட்கார்ந்துவிட்டு வேலை செய்யாமல் இருக்கும் பாகத்தைப் பார்த்து. அதைவிட அதிகமாக, உட்கார்ந்துவிட்டு வேறு வேலை செய்யும் பாகத்தைப் பார்த்து.

நீங்கள் சொன்ன சாக்கெட்டையே, அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். இன்டெலின் எல்ஜிஏ 1151 சாக்கெட் 2015இல் ஆறாம் தலைமுறையோடு வந்தது. ஏழாம் தலைமுறைக்கும் அதுவே. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைக்கும் அதற்கடுத்த ஒன்பதாம் தலைமுறைக்கும் அதே பெயர், அதே 1151 தொடுமுனைகள். ஆனால் எட்டும் ஒன்பதும் 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டு சிப்) உள்ள போர்டுக்கு, ஆறும் ஏழும் 100, 200 வரிசைக்கு. மாற்றி வைத்தால் ப்ராசசர் சமர்த்தாக உட்காரும், டிஸ்ப்ளே வராது. (பயாஸை, அதாவது போர்டில் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளை, நோண்டி ஓட்டியவர்கள் இருக்கிறார்கள் என்று யாராவது வருவீர்கள். இருக்கிறார்கள். கேட்டிருப்பவர் முதல்முறை அசெம்பிள் செய்கிறவர், ஐயா.)

ஏஎம்டி பக்கமும் சாக்கெட் பெயர் முழுக் கதையையும் சொல்வதில்லை. ஏஎம்5 சாக்கெட் 2022இல் வந்தது. அந்த ஆண்டு வந்த பி650 போர்டில் 2024இல் வந்த ரைசன் 9000 ஓடும், ஆனால் பயாஸ் புதிதாக இருந்தால்தான். நாள்பட்ட சரக்கு கைக்கு வந்தால் பயாஸ் ஏற்ற மெஷின் ஓட வேண்டும், மெஷின் ஓட பயாஸ் ஏற வேண்டும். பயாஸ் ப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக இருந்தால் ப்ராசசர் இல்லாமலேயே பென் டிரைவ் வைத்து ஏற்றிவிடலாம். போர்டு கம்பெனியின் இணையப் பக்கத்தில் எந்தப் ப்ராசசருக்குக் குறைந்தது எந்த பயாஸ் என்று பட்டியல் இருக்கும். வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது அதைத்தான், சாக்கெட் பெயரை மட்டும் அல்ல.

போர்டிலேயே நேராகச் செருகும் எம்.2 எஸ்.எஸ்.டி.யும் இந்த ரகம்தான். பெரும்பாலும் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம், மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்று. உள்ளே டேட்டா போகும் வழி இரண்டு: பழைய சாட்டா வகை வேறு, வேகமான என்விஎம்இ வகை வேறு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைச் செருகித் திருகாணியும் போட்டுவிடலாம். பயாஸில் மட்டும் தெரியாது.

இதெல்லாம் நேரம்தான் தின்னும். இனி என் கதை.

மூன்று வருடம் ஓடிய என் மெஷினில் எஸ்.எம்.பி.எஸ். விசிறி முனக ஆரம்பித்தது. மாடுலர் வகை, அதாவது கேபிள்களை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனியாகக் கழற்றலாம். அதே கம்பெனியில் கொஞ்சம் அதிக வாட் உள்ள இன்னொரு மாடல் வாங்கினேன். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை, கேட்காதீர்கள், தப்பு அவர்களுடையதும் அல்ல. புதிய பெட்டியில் முழு செட் கேபிளும் ஒரு பையில் இருந்தது.

நான் மெஷினின் பின்பக்கக் கதவைத் திறந்து பார்த்தேன். முதல் முறை அசெம்பிள் செய்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு கேபிளாக வளைத்து, டேக் போட்டுக் கட்டி வைத்திருந்தேன். அந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வீட்டுக்கு யாராவது வந்தால் கண்ணாடி இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைத் திறந்து காட்டுகிற ஆள் நான். அதை எல்லாம் வெட்டி எறிய மனம் வரவில்லை. கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் மாற்றுவோம் என்று முடிவு செய்தேன்.

மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளை முதலில் முயன்றேன். போர்டு முனை எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான். எஸ்.எம்.பி.எஸ். பக்க முனை புதிய மாடலில் இரண்டு துண்டாக வேறு அளவில் இருந்தது. பழையது நுழையவே இல்லை. திட்டிக்கொண்டே அதை உருவிவிட்டுப் புதிய கேபிளைப் போட்டேன். ப்ராசசர் கேபிளும் அதோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கிராபிக்ஸ் கார்டு கேபிள் வெளியே தெரியும், புதியது பளிச்சென்று இருந்தது, அதையும் மாற்றினேன்.

மிச்சம் இருந்தது டிஸ்க்குகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சாட்டா பவர் கேபிள். ஆழத்தில், ஆறு டேக்குக்கு அடியில், ஹார்டு டிஸ்க் கூண்டின் பின்னால் ஓடுகிறது. அதன் எஸ்.எம்.பி.எஸ். முனை ஆறு பின். புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் ஆறு பின் சாக்கெட், மேலே 'சாட்டா' என்று எழுதியே இருக்கிறது. வைத்து அழுத்தினேன். க்ளிக். இவ்வளவு சுலபமா என்று சந்தோஷப்பட்டேன்.

சுவிட்சைத் தட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. மறுபடி தட்டினேன், மறுபடி அரைச் சுற்று. (மறுபடி தட்டியிருக்கக் கூடாது. தெரியும்.) அடுத்த அறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்: "என்னங்க, எரியற மாதிரி வாசனை வருது?"

"புதுசுல அப்படித்தான் வரும்" என்றேன்.

நடந்தது இதுதான். டிஸ்க் பக்கம் இருக்கும் சாட்டா முனைக்கு விதிமுறை உண்டு. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்று உலகம் முழுக்க ஒன்று. எஸ்.எம்.பி.எஸ். பக்கத்து முனைக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். என் பழைய கேபிளில் 5 வோல்ட் எதிர்பார்த்த கம்பி புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 12 வோல்ட் பின்னில் போய் உட்கார்ந்திருந்தது. அந்தக் கேபிளில் தொங்கியவை இரண்டு: 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று, 2.5 அங்குல எஸ்.எஸ்.டி. ஒன்று. விண்டோஸ் இருந்த எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்குக் கரண்ட் மதர்போர்டு வழியாகப் போகிறது. மதர்போர்டு ஏன் பிழைத்தது? அந்த 24 பின் கேபிள் நுழைய மறுத்ததால். நான் திட்டியது அதைத்தான்.

இங்கே நிச்சயம் ஒருவர் வந்து, "நான் இரண்டு மாடலுக்கு ஒரே கேபிளைத்தான் போட்டு ஓட்டுகிறேன்" என்பார். ஓட்டுங்கள். சில கம்பெனிகள் எந்த மாடலுக்கு எந்தக் கேபிள் மாற்றிப் போடலாம் என்று பட்டியலே வைத்திருக்கிறார்கள். பட்டியலைப் பார்த்துப் போட்டால் தப்பில்லை. க்ளிக் சத்தத்தை நம்பிப் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். "மல்டிமீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாமே" என்பவர்களுக்கு: பார்த்திருக்கலாம். நான் கணக்கு எழுதுகிற ஆள். என்னிடம் அப்போது மல்டிமீட்டர் இல்லை, இப்போது இரண்டு இருக்கிறது.

அந்த 4 டிபி டிஸ்க்கில்தான் மகள் பிறந்ததிலிருந்து ஏழு வயது வரைக்குமான படங்கள், அப்பா கடைசி வருடத்தில் அவளுக்குக் கதை சொன்ன ஒலிப்பதிவுகள். நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். இதற்கு என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடம் முன்பே, "எனக்கும் ஒரு காப்பி வேணும், நானே எடுத்துக்கறேன்" என்று அந்த டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போனான். ஆறு மாதம் அவன் வீட்டு அலமாரியில் கிடந்தது. எடுத்துவிட்டான் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது நான் சுற்றிக் கொடுத்த துணிகூடப் பிரிக்கப்படவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொள்கிற விஷயத்திலும் அவன் அப்படித்தான், வாங்கிக்கொள்வான், பிரிக்க மாட்டான். சரி, அது இங்கே வேண்டாம்.

எஸ்.எஸ்.டி. செத்தது செத்ததுதான், வாசனை அதிலிருந்து வந்ததுதான். ஹார்டு டிஸ்க்கை அந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அடிப்பக்க சர்க்யூட்டைக் கழற்றி, பூதக்கண்ணாடி வழியாக ஒரு கறுப்புப் புள்ளியைக் காட்டினார். அரிசி மணி அளவு டையோடு. வோல்டேஜ் எகிறினால் அது தன்னை ஷார்ட் செய்துகொண்டு மற்றதைக் காப்பாற்றும், அதற்காகவே வைத்தது. அதனால்தான் விசிறி அரைச் சுற்றோடு நின்றது, ஷார்ட்டைக் கண்டு எஸ்.எம்.பி.எஸ். அணைத்துக்கொண்டிருக்கிறது. அவர் அந்த டையோடை மட்டும் சூடு காட்டி எடுத்துவிட்டு, வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டினார். டிஸ்க் சுற்ற ஆரம்பித்தது. "இனி இதுக்குப் பாதுகாப்பு கிடையாது சார், காப்பி எடுத்துட்டு மூடி வெச்சிருங்க" என்றார். எல்லாருக்கும் இப்படிப் பிழைக்காது, டையோடைத் தாண்டி அடுத்த சிப்பும் போயிருந்தால் கதை வேறு என்றும் சொன்னார்.

உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பழைய மெஷினிலிருந்து எடுப்பதானால் ராம் எந்த டிடிஆர் என்று பாருங்கள். இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட் போர்டில் டிடிஆர்4 மாடலும் உண்டு, டிடிஆர்5 மாடலும் உண்டு. ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டும்தான். பழைய இன்டெல் கூலர் எல்ஜிஏ 1700இல் தனி பிராக்கெட் இல்லாமல் உட்காராது, துளை இடைவெளி 75 மி.மீ.யிலிருந்து 78 ஆகிவிட்டது. இது நுழையாத வகை, பயமில்லை. கூலர் உயரத்தையும் கார்டு நீளத்தையும் கேபினட் விவரத்தில் போட்டிருக்கும் மி.மீ. கணக்கோடு ஒப்பிடுங்கள். ப்ராசசர் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது, மானிட்டரைப் போர்டில் செருகிவிட்டு டிஸ்ப்ளே வரவில்லை என்று இங்கே கேட்காதீர்கள். கார்டுக்கு ஸ்லாட் வழியாக 75 வாட், எட்டு பின் கேபிள் ஒன்றுக்கு 150 வாட், அதை வைத்து எத்தனை கேபிள் வேண்டும் என்று கணக்கிடலாம். ப்ராசசருக்கான எட்டு பின்னும் கார்டுக்கான எட்டு பின்னும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். முனையில் எழுதியிருப்பதைப் படியுங்கள், போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள்.

மதர்போர்டு கையேட்டை வாங்குவதற்கு முன்பே இறக்கிப் படியுங்கள். எந்த எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் எந்த சாட்டா போர்ட் அணைந்துபோகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும், பெட்டி மேல் அதைப் போட மாட்டார்கள்.

நகல் எடுக்கிற வேலை ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. மொத்தம் மூன்று நகல் போட்டேன். அடுத்த வாரம் தம்பி போன் செய்தான், மனைவி விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. டிஸ்க் பிழைத்ததா என்று கேட்டான், பிழைத்தது என்றேன்.

"அப்பாடா. அண்ணா, எனக்கும் ஒரு காப்பி வேணும், டிஸ்க்கைக் குடுத்துவிடு, நானே எடுத்துக்கறேன்."