ஹேக்கத்தானில் கொடுத்த வரைபடச் செயலி யாருக்குச் சொந்தம்?

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, எந்தக் கட்டடத்தில் சாய்தளம் இருக்கிறது என்று சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்குக் காட்டும் வரைபடச் செயலியை ஆறு மாதமாகச் செய்து வருகிறோம். அடுத்த மாதம் ஒரு ஹேக்கத்தான், அதாவது குறுகிய நேரத்தில் மென்பொருள் செய்து காட்டும் போட்டி. பதிவுப் படிவத்தில் ‘சமர்ப்பிக்கும் அனைத்தும் அமைப்பாளருக்கே உரியவை’ என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? விடுபட்ட இடங்களை கூகுள் மேப்ஸைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொல்கிறார் கட்டணம் வாங்கி எங்களுக்கு வழிகாட்டும் ஒருவர். செய்யலாமா?

பதில்: இப்போதிருக்கும் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து ஒரு புள்ளிகூடக் குறிக்காதீர்கள்.

முதலில் படிவம். நீங்கள் எழுதிய நிரல் உங்களுடையது. நீங்களாக எழுதிக் கொடுத்தால்தான் அது கைமாறும். (வேலை பார்க்கும் நிறுவனத்துக்காக எழுதியது என்றால் கதை வேறு.) அந்த ஒரு வரி, எழுதிக் கொடுக்கச் சொல்லும் வரிதான். அமைப்பாளர்கள் பலர் இதைத் திட்டமிட்டுச் செய்வதில்லை, எங்கோ இருந்த படிவத்தை அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். படித்துப் பார்க்க அரை மணி நேரம் செலவழிக்க ஆளில்லை, ஆனால் மேடைக்குப் பின்னால் தொங்கும் பேனருக்கு மூன்று கூட்டம் போடுகிறார்கள். இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

மின்னஞ்சலில் இரண்டே கோரிக்கை வையுங்கள். ஒன்று, போட்டிக்கு முன்பே எழுதிய நிரல் இதில் சேராது. இரண்டு, அமைப்பாளருக்கு எங்கள் செயலியை விளம்பரத்தில் காட்டும் உரிமை மட்டும் உண்டு. நியாயமான அமைப்பாளர் ஒப்புக்கொள்வார். கூடவே, ஆறு மாத வேலையை இன்றைக்கே இணையத்தில் நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் ஒரு பொதுக் களஞ்சியத்தில், எம்ஐடி போன்ற, யாரும் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒரு திறந்த உரிமத்தோடு ஏற்றிவிடுங்கள். எது முன்பே இருந்தது என்பதற்குத் தேதியே சாட்சி.

அடுத்தது தரவு. நிரலைவிட இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கூகுள் மேப்ஸின் விதிமுறைகள் அதிலிருந்து தரவை நகலெடுத்துத் தொகுப்பதைத் தடுக்கின்றன. ‘பார்த்துத்தானே குறிக்கிறோம்’ என்பது சமாதானம் ஆகாது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் அப்படி வந்த புள்ளிகளை ஏற்க மாட்டார்கள், தெரிந்தால் நீக்கிவிடுவார்கள். நல்ல புள்ளியோடு இருபது திருட்டுப் புள்ளி கலந்துவிட்டால், எது எது என்று பிறகு உங்களாலேயே பிரிக்க முடியாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை எடுத்துக்கொள்ளலாம். 2012 முதல் அது ஓடிபிஎல் என்ற திறந்த தரவு உரிமத்தில் கிடைக்கிறது. வரைபடத்தின் ஓரத்தில் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று நன்றி போட வேண்டும். இங்கே ஒரு விலக்கை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். தெருவும் கட்டடமும் அவர்களுடையவை, மேலே தனி அடுக்காக வைக்கும் சாய்தளப் பட்டியல் நீங்கள் நேரில் போய்ச் சேகரித்தது என்றால், அந்தப் பட்டியலைத் திறந்து விட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அவர்களிடம் ஏற்கெனவே நாற்பது சாய்தளம் இருக்கிறது, உங்களிடம் அறுபது, இரண்டையும் கொட்டி, இரட்டிப்பானவற்றை நீக்கி ஒரே பட்டியலாக்கிப் பொதுவில் விட்டால், அந்தப் பட்டியல் முழுவதையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும். அதாவது அது உங்கள் மூவருக்கு மட்டும் சொந்தமாக இருக்க முடியாது, அமைப்பாளருக்கும் அப்படித்தான். சேர்ப்பதா, தனி அடுக்கா என்பதைப் போட்டிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், நீங்கள் சேகரித்ததை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே சேர்த்துவிடுங்கள். 2010 முதல் வீல்மேப் என்ற தளம் இதே தரவை வைத்துத்தான் இயங்குகிறது, உங்கள் உழைப்பு அங்கும் உதவும்.

அப்புறம், அந்த வழிகாட்டி. கட்டணம் வாங்கிக்கொண்டு, களஞ்சியத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னால் அன்றோடு நிறுத்துங்கள். என்னிடம் வந்த ஒரு குழுவின் செயலி, பொத்தானின் நிறம்கூட மாறாமல் வேறொரு பெயரில் வெளியானது. வழிகாட்டியாக இடையில் நின்றவர் கடவுச்சொல் வாங்கி வைத்திருந்தார், படிவத்திலும் கையெழுத்து இருந்தது. ஒன்றும் செய்ய முடியவில்லை. உண்மையான உதவி, வரைபட ஆர்வலர்களின் சந்திப்புகளில் இலவசமாகவே கிடைக்கும். அங்கே படிவமும் கிடையாது, பரிசும் கிடையாது. யாராவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இணையப் பக்கத்தில் வரைபடம் காட்ட உதவும் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பில் அடுக்கை எப்படிப் பிரிப்பது என்று காட்டித் தருவார்கள்.

போட்டி நாளுக்கு ஒன்று. முகவரி தேட நாமினாட்டிம் என்ற பொதுச் சேவையை நம்பியிருந்தால், நொடிக்கு ஒரு கேள்விதான் அனுமதி. ஒரே வைஃபையில் நாற்பது குழு தட்டினால், நடுவர் முன்னால் நிற்கும்போது தேடல் பெட்டி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். காட்டப்போகும் பத்து முகவரிகளின் விடைகளை முந்தின நாளே உங்கள் கணினியில் சேமித்து வையுங்கள். அமைப்பாளரின் பதில் மின்னஞ்சல் வந்ததும் மூன்று பேரும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.