பிள்ளை ஃபோன் எடுக்கிறானில்லை: வெளிநாட்டில் இருப்பவர்களின் மனநலம், கேள்வி பதில்

நான் டொக்டர் இல்லை. கொழும்பில் மனநலப் பிரிவுகளில் சமூகப் பணியாளராக வேலை செய்து ஓய்வு பெற்றவள். நோயாளியை விட அவருடைய வீட்டாருடன்தான் கூடுதலாகக் கதைத்திருக்கிறேன். அதனால் வீட்டாரின் கேள்விகளுக்கு என்னால் பதில் சொல்ல முடியும். எந்தக் குளிசையைக் கூட்டுவது, எதை விடுவது என்று மட்டும் என்னிடம் கேட்க வேண்டாம். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஆள் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: மகன் ரொறன்ரோவில் இருக்கிறான், இருபத்தாறு வயது. சில மாதமாகக் கதை குறைவு, நித்திரையும் இல்லையாம். இப்போது வேலையிடத்தில் தன்னைப் பின்தொடர்கிறார்கள், ஃபோனை ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான். வேலையையும் விட்டுவிட்டான். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று என் தங்கச்சி சொல்கிறா. இங்கே கூப்பிட்டு எடுப்பமா?

செய்வினைக் கதையை ஒரு பக்கம் வையுங்கள், அம்மா. அந்த வயதுப் பிள்ளை மெல்ல மெல்ல ஒதுங்கி, நித்திரை குழம்பி, பிறகு தன்னைக் கண்காணிக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னால் அது சைக்கோசிஸின், அதாவது இல்லாததை உண்மை என்று மனம் நம்பிவிடும் நோயின், தொடக்கமாக இருக்கலாம். கஞ்சாவும் இப்படிச் செய்யும். கனடாவில் அது 2018இலிருந்து சட்டப்படி கடையில் கிடைக்கிறது. எது காரணம் என்பதை ஒரு டொக்டர் அவனை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

வளர்ப்பில் என்ன பிழை விட்டேன் என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில் குடியேறிய நோர்வேக்காரருக்கு, ஊரிலேயே இருந்துவிட்ட நோர்வேக்காரரை விடக் கூடுதலாகச் சிசோஃப்ரினியா (சைக்கோசிஸ் நீடிக்கிற கடும் மனநோய்) வருகிறது என்று ஓடெகார்ட் என்ற மருத்துவர் 1932இலேயே எழுதிவிட்டார். 2005இல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, குடியேறிப் போனவர்களுக்கு இந்த ஆபத்து மற்றவர்களைப்போல் 2.7 மடங்கு என்று வந்தது. அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதைவிடக் கூட. போகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு ஒன்றும் வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் வருகிறவனுக்கு அம்மாவின் வளர்ப்பால் வருவதில்லை.

இனி, ஃபோனில் என்ன கதைப்பது? "அப்படி ஒருத்தரும் உன்னைப் பின்தொடரேல்லை, விசர்க்கதை கதையாதே" என்று சொன்னால் அடுத்த முறை ஃபோன் எடுக்க மாட்டான். "ஓம் மகன், கவனமாய் இரு" என்றாலும் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுகிறீர்கள். நித்திரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "உனக்குப் பயமாய் இருக்கு, நித்திரையும் இல்லை, அதுக்காவது ஒருக்கா டொக்டரிட்டப் போ" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டான்.

அதைவிட முக்கியம், அவனுடைய கதவைத் தட்டக்கூடிய ஒரு ஆளைக் கண்டுபிடிப்பது. அறையில் கூட இருப்பவன், பழைய பள்ளிக்கூடச் சிநேகிதன், ஸ்காபரோவில் தூரத்து மச்சான், யாராக இருந்தாலும் சரி. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் நாற்பது சொந்தக்காரர் வேண்டாம்; அவர்களுக்குச் சொன்னால் அவனுக்குத் தெரியவரும், பயமும் கூடும். அந்த ஒருவர் அவனைக் குடும்ப டொக்டரிடமோ, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கோ கூட்டிப்போகட்டும். முதல் தடவை சைக்கோசிஸ் வருகிறவர்களுக்கென்றே ரொறன்ரோவில் தனிக் கிளினிக்குகள் இருக்கின்றன. ஆரம்பத்திலேயே போனால் மீளும் வாய்ப்புக் கூட. தன்னையோ மற்றவரையோ காயப்படுத்தப் பார்த்தால் அங்குள்ள அவசர இலக்கம் 911. சாவைப் பற்றிக் கதைத்தால் தற்கொலைத் தடுப்பு இலக்கம் 988.

அங்கே டொக்டர் உங்களுக்கு ஒன்றும் சொல்ல மாட்டார், பிள்ளையின் சம்மதம் வேண்டும் என்பார். கோபிக்க வேண்டாம், அது அங்குள்ள சட்டம். ஆனால் நீங்கள் சொல்வதை அவர் கேட்பதற்குத் தடை இல்லை. எப்போது மாற்றம் தொடங்கியது, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று ஒரு பக்கத்தில் எழுதி, அந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

கூப்பிட்டு எடுப்பதா? இப்போது வேண்டாம். எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று நம்புகிற பிள்ளையை இருபது மணித்தியாலம் விமானத்தில் தனியே ஏற்றக்கூடாது. அவனுடைய சுகாதார அட்டையும் வைத்தியமும் அங்கேதான் இருக்கின்றன. கொஞ்சம் தெளிந்த பிறகு அவனாக வர விரும்பினால், ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வரட்டும்.

பலர்: குளிசை தொடங்கினால் வாழ்நாள் முழுக்க அடிமையா?

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுவொக்செட்டின், சேர்ட்ராலின் போன்றவை போதை தருவன அல்ல. வேலை செய்ய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். திடீரென்று விட்டால் தலைசுற்றும், எரிச்சல் வரும். ஆகவே டொக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழக்கமாகிவிடக்கூடியது டயசெபாம் மாதிரியான நித்திரைக் குளிசை. அதைத்தான் நம் ஆட்கள் பயமில்லாமல் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிப் போடுகிறார்கள்.

கொட்டாஞ்சேனையிலிருந்து: மச்சான் லண்டனில் அகதிக் கேஸ் போட்டு இருக்கிறார். இரவில் கத்தி எழும்புகிறாராம். டொக்டரிடம் போனால் கேஸைத் தீர்மானிக்கிற ஹோம் ஒஃபிஸுக்கு (உள்துறை அமைச்சுக்கு) தெரிந்து கேஸ் பழுதாகும் என்று பயப்படுகிறார்.

பலர் இந்தப் பயத்தாலேயே வருடக்கணக்கில் வருந்துகிறார்கள். இங்கிலாந்தில் ஜீ.பீ. டொக்டரிடம், அதாவது குடும்ப டொக்டரிடம், பதிய விசாவும் தேவையில்லை, முகவரிச் சான்றும் தேவையில்லை. கட்டணமும் இல்லை. அகதிக் கேஸ் நடக்கிறவருக்கு ஆஸ்பத்திரி வைத்தியமும் இலவசம். கேஸ் பழுதாவதற்குப் பதில், சித்திரவதையோ போரோ விட்டுப்போன பாதிப்பை எழுதிய மருத்துவக் கடிதம் கேஸுக்கு உதவக்கூடும். அதைப் பற்றி அவருடைய சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பயமும் இருக்கும், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்: மொழிபெயர்க்க வருகிற தமிழர் தன்னைத் தெரிந்தவராக இருந்தால்? நம் சனம் சின்னச் சனம், அந்தப் பயம் நியாயமானது. ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம். ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா என்றும் சொல்லலாம். வீட்டுச் சின்னப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. அப்பா என்ன அடி வாங்கினார் என்று பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லுகிற காட்சியை யோசித்துப் பாருங்கள்.

ஆஸ்திரேலியாவில் இருந்த ஈழத் தமிழரிடையே 1990களில் செய்த ஆய்வொன்றில், ஊரில் பட்டதும் போய்ச் சேர்ந்த பின் படுவதும் இரண்டும் சேர்ந்தே நோயைக் கூட்டுவது தெரிந்தது. முடிவில்லாத கேஸ், வேலை செய்ய அனுமதியின்மை, பிரிந்த குடும்பம் இவையும் அந்த இரவுக் கத்தலுக்குள் இருக்கின்றன. "அங்க போயும் ஏன் பழசை யோசிக்கிறாய்" என்று அவரிடம் கேட்காதீர்கள்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு தம்பி: ராத்தா (அக்கா) சவூதியில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு மாதம் முன் திரும்பி வந்தா. அறையை விட்டு வாறதில்லை, ஆம்பிளைக் குரல் கேட்டால் நடுங்குறா. ஓதிப் பார்த்தோம், நூல் கட்டினோம். ஜின் என்றும் சொல்கிறார்கள்.

ஓதுவதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். அதில் அவவுக்கு ஆறுதல் கிடைக்குமென்றால் தொடரட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, புகை போடுவது என்று யாராவது தொடங்கினால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கபீல் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளி) பாஸ்போர்ட்டையும் ஃபோனையும் வாங்கி வைத்து, வெளிக்கதவையும் பூட்டிய வீட்டில், எத்தனை மணிக்குப் படுப்பது என்று கூடத் தீர்மானிக்க முடியாமல் இருந்துவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சம்பளம் தராததும், அடியும், சில வீடுகளில் அதற்கு மேலும் நடந்திருக்கும். என்ன நடந்தது என்று ஆள் மாறி ஆள் கேட்காதீர்கள். அவவே ஒருத்தியைத் தெரிவு செய்து சொல்லுவா; அது உம்மாவாக இல்லாமலும் இருக்கலாம். அதுவரை கதவை உள்ளே பூட்ட விடுங்கள், இரவில் வெளிச்சம் வேண்டுமென்றால் எரியவிடுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடுங்கள்.

அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக் இலவசம். அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றில்லை, கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது. (நம் ஊரில் அங்கொடை என்ற பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம். அதனால் எத்தனை பேர் வைத்தியத்துக்குப் பிந்திப் போனார்கள்!) போகுமுன் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். பெண் டொக்டர் வேண்டும், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ராத்தா வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவவென்றால் காப்புறுதி பற்றிப் பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் விசாரியுங்கள். முறைப்பாடு செய்வதா என்பது அவவின் முடிவு, அவசரப்படுத்த வேண்டாம்.

பெயர் போட வேண்டாம் என்றவர்: அண்ணா பரிஸில் உணவகச் சமையலறையில் வேலை. அவருடைய காசில்தான் வீடு கட்டினோம், என் கலியாணமும் நடந்தது. போன கிழமை "நான் இல்லாட்டி உங்களுக்கு இன்சூரன்ஸ் காசு வரும்" என்று சிரித்தார். பகிடியா?

பகிடி என்று எடுக்காதீர்கள். இதை வாசித்து முடித்ததும் அவருக்கு எடுங்கள். "அண்ணா, சாக யோசிக்கிறீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கேட்ட பிறகுதான் பலர் மூச்சு விட்டு அழுவார்கள். ஓம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அன்றிரவு ஒருவர் கூடப் படுக்க வேண்டும். பிரான்சில் 3114 இரவு பகலாக இயங்கும் இலவசத் தற்கொலைத் தடுப்பு இலக்கம்; பிரெஞ்சு தெரிந்த கூட்டாளி பக்கத்தில் இருந்து எடுக்கட்டும். உயிராபத்து என்றால் அவசர மருத்துவ இலக்கம் 15.

காசு கேட்டதால்தான் இப்படி ஆனதா என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும் காரணம் இல்லை. ஆனால் பாரம் அதில் இருக்கிறது, பூசி மெழுக மாட்டேன். கடன் எவ்வளவு மிச்சம், மாதம் எவ்வளவு இல்லாமல் சமாளிப்போம் என்று வீட்டில் இருந்து கணக்குப் பார்த்து, அந்த எண்ணை அவரிடம் சொல்லுங்கள். "நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்ற பேச்சு அவருக்குப் போதாது, எண் வேண்டும்.

பம்பலப்பிட்டியிலிருந்து: மகன் நோர்வேயில் வைத்தியம் எடுக்கிறார். கலியாணம் கட்டி வைத்தால் சரியாகும் என்று சாத்திரி சொல்கிறார். பெண் வீட்டாருக்குச் சொல்ல வேண்டுமா?

கலியாணம் வைத்தியம் இல்லை. சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல, மகன் அந்தப் பெண்ணிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்லும் நிலையில் அவர் இல்லையென்றால் கட்டும் நிலையிலும் இல்லை. மொழி தெரியாத குளிர் நாட்டில் போய் இறங்கி, குசினி அலுமாரியில் குளிசைப் பெட்டியைக் கண்டுபிடிக்கும் பெண்ணும் யாரோ பெற்ற பிள்ளைதான்.

மாணவி: எனக்குப் பைபோலர் (மனம் ஒருக்கா மிதமிஞ்சி எழும்பும், ஒருக்கா சோர்ந்து விழும் நோய்), அதற்கு லிதியம் என்ற மருந்து எடுக்கிறேன். செப்டெம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறேன்.

போகலாம். மருந்தின் பெயர், அளவு, கடைசி இரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிய ஆங்கிலக் கடிதம் டொக்டரிடம் வாங்குங்கள். குளிசையை அதன் பெட்டியோடு கைப்பையில் வையுங்கள்; பெரிய பை தொலைந்தால் மருந்தும் தொலையும். டுபாய் வழியாகப் போய் அங்கே வெளியே இறங்குவதென்றால், டயசெபாம், குளோனசெபாம் அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள், முன் அனுமதி வேண்டும். விசாவுடன் மாணவர்கள் கட்டும் 776 பவுண்ட் வருடச் சுகாதாரக் கட்டணத்துக்குள் ஜீ.பீ.யும் மனநல வைத்தியமும் அடக்கம், ஆகவே போய்ச் சேர்ந்த கிழமையே ஜீ.பீ.யிடம் பதியுங்கள். இரத்தத்தில் லிதியம் பார்க்க வேண்டிய திகதியை டொக்டர் கேட்கும்வரை இருக்காமல் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். இபுபுரொஃபன் லிதியத்தின் அளவைக் கூட்டும், தலையிடிக்குப் பரசிற்றமோல் போதும். விமானத்தில் ஒரு இரவு நித்திரை கெடுவதே சிலருக்கு மேனியாவை, அந்த மிதமிஞ்சிய எழுச்சியை, கிளப்பிவிடும். பகல் விமானம் கிடைக்குமா என்று பாருங்கள். அங்கே நம்பிக்கையான ஒரு சிநேகிதிக்கு உங்கள் முதல் அறிகுறி என்னவென்று சொல்லி வையுங்கள்.

கொள்ளுப்பிட்டியிலிருந்து: நான் சென்னை. கணவர் வேலைக்காக இங்க வந்து எட்டு மாசம். பெரிய அப்பார்ட்மென்ட், கடல் தெரியுது, எந்தக் குறையும் இல்ல. ஆனா காலையில எழவே பிடிக்கல. இங்கயும் தமிழ்தானே, எனக்கு என்ன கஷ்டம்னு எல்லாரும் கேக்குறாங்க.

வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு வந்தவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது, கடல் தெரிகிற வீட்டிலும் வரும். தமிழ் பேசுகிற ஊர் என்பதால் வெளிநாடு இல்லை என்றாகிவிடாது. அங்கே உங்களைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இங்கே லிஃப்ட்காரர் மட்டும்தான். இரண்டு கிழமைக்கு மேல் தினமும் இப்படி இருந்து, சாப்பாடும் நித்திரையும் மாறி, பிடித்த எதுவும் பிடிக்காமல் போயிருந்தால் டொக்டரைப் பாருங்கள். தைரொயிட்டும் இரத்தச்சோகையும் இதே மாதிரி ஆளை அடிக்கும், இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். யாரிடமாவது கதைத்தால் போதும் என்று இருந்தால், மனம் விட்டுக் கதைப்பதைக் கேட்கிற சுமித்ராயோ என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது, 1974இலிருந்து இயங்குகிறது, பெயர் கேட்க மாட்டார்கள். எதற்கும் முதல் கணவருக்கு இந்தக் கடிதத்தை அப்படியே காட்டுங்கள். நீங்கள் எழுதிய விதத்தைப் பார்த்தால் அவருக்கு இன்னும் தெரியாது என்று நினைக்கிறேன்.