கதிரை அடுக்குவதும் ஒரு வேலையா? – கடிதம்

வணக்கம் ஐயா,

எனக்கு 19 வயது. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிறேன், பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. பள்ளிக்கூட டிப்ளோமாவுக்குக் கட்டாயமான 40 மணித்தியாலத் தொண்டு வேலையை எங்கள் பகுதிச் சமூக மையத்தில் செய்தேன், பிறகு அங்கேயே பகுதிநேர உதவியாளராக எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை பிள்ளைகளின் விளையாட்டு வகுப்பு, செவ்வாய் முதியோர் கதிரையில் இருந்தபடி செய்யும் உடற்பயிற்சி.

போன கிழமை ஒரு தாத்தா பேரனைக் கூட்டிப்போக வந்தார். யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த படிவத்தில் அவர் பெயர் இல்லை, நான் விடவில்லை. "நீ தமிழ்ப் பிள்ளைதானே, ஆரிட்ட அடையாள அட்டை கேக்கிறாய்?" என்று எல்லோர் முன்னாலும் ஏசினார். வீட்டில் சொன்னால் அம்மா, "கதிரை அடுக்கிற வேலைக்கு இவ்வளவு ஏச்சா, விட்டிட்டுப் படி" என்கிறா. நான் செய்தது பிழையா? இதை ஒரு வேலை என்று நம்பலாமா?

ச.

அன்புள்ள ச.,

பிழையே இல்லை. அந்த ஐயாவின் கோபமும் விளங்குகிறது, ஊரில் நரைத்த தலையைக் கண்டாலே பிள்ளையை அனுப்பிவிடுவார்கள், இங்கே பேத்தி வயதுப் பெண் அட்டை கேட்டால் சுடத்தான் செய்யும். ஆனால் எந்த வீட்டில் தாய் தகப்பன் பிரிந்திருக்கிறார்கள், எந்தப் பிள்ளையைப் பற்றி நீதிமன்றக் கட்டளை இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. முகத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்றுதான் அந்தப் படிவமே இருக்கிறது. இனி இப்படி நடந்தால் ஆளை ஒரு பக்கமாக இருத்தி, "பிள்ளையின்ர அம்மாவுக்கு இப்பவே ஃபோன் பண்ணுறம், இருங்கோ ஐயா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். பெயரைச் சேர்ப்பது பெற்றோர் பாடு.

கதிரை விசயத்துக்கு வருகிறேன். அம்மா சொல்வது உண்மைதான், ஆனால் பாதி வேலை அதற்குள்தான் இருக்கிறது. சில்லு வைத்த கதிரை கூடாது, இருந்தால் பாதம் முழுக்கத் தரையில் படவேண்டும், கையை விரித்தால் பக்கத்து ஆளில் முட்டக் கூடாது, வாக்கரோடு வருபவர் வாசல் பக்கம், காது மந்தமானவர் பயிற்றுநருக்கு எதிரே, தை மாதம் என்றால் சப்பாத்தில் வந்த பனி உருகித் தரையில் நிற்கும், அதையும் துடைக்கவேண்டும். பயிற்றுநர் வந்து பாட்டைப் போடுவார், அவ்வளவுதான். ஆங்கிலம் வராத ஒரு அம்மா புதிதாக வந்து கோட்டைக் கழற்றாமல் கடைசி வரிசையில் இருக்கிறா என்றால், அவவை யாருக்குப் பக்கத்தில் இருத்துவது என்று தீர்மானிப்பது நீங்கள். அடுத்த செவ்வாய் அவ வருவாவா என்பது உடற்பயிற்சியைவிட அதில்தான் தங்கியிருக்கிறது.

பிள்ளைகளுக்கும் அதே கதைதான். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில், பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு 'ஹை ஃபைவ்' என்று ஒரு பயிற்சி இருக்கிறது, உங்களுக்கும் தந்திருப்பார்கள். பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று அதில் ஐந்து விசயம் சொல்வார்கள். முதலாவது, அக்கறையுள்ள ஒரு பெரியவர். பந்தும் வலையும் அதற்குப் பிறகுதான். 19 வயதில் அந்தப் 'பெரியவர்' நீங்கள்தான், சிரிப்பு வந்தாலும்.

சரி, நம்பலாமா என்று கேட்டீர்கள். இந்தப் பகுதிநேர வேலையை மட்டும் நம்பி வாடகை கட்ட முடியாது. பருவத்துக்குப் பருவம் மணித்தியாலம் மாறும், கோடை முகாமில் முழுநேரம் கிடைக்கும், புரட்டாதியில் குறைந்துவிடும், நிரந்தர இடம் மிகக் குறைவு. இதைச் சொல்லாமல் "சேவை, சேவை" என்று பிள்ளைகளைப் புகழ்கிறவர்கள்மேல் எனக்கு நல்ல எரிச்சல் உண்டு.

ஆனால் வழி இருக்கிறது. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பொழுதுபோக்குக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, சிகிச்சை சார்ந்த பிரிவையும் அங்கே படிக்கலாம். ஒன்ராறியோவின் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்கள் ஒவ்வொன்றிலும் பொழுதுபோக்கு, சமூக நிகழ்ச்சிகள் நடக்கவேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அங்கே இப்போது எங்கள் ஆட்களும் இருக்கிறார்கள், சிலருக்கு இருந்த கொஞ்ச ஆங்கிலமும் மறதி நோயில் போய்விட்டது. கரம் பலகையை எடுத்து வைத்துத் தமிழில் நாலு கதை கதைக்கத் தெரிந்த, பயிற்சியும் உள்ள ஒருவர் அங்கே வேண்டும்.

ஆகவே இந்தப் பருவத்தில் விடவேண்டாம், பரீட்சைக் காலத்தில் மட்டும் வேலை நாளைக் குறைத்துக் கேளுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கி வையுங்கள். முதலுதவிச் சான்றிதழ் 3 ஆண்டுக்குத்தான் செல்லும், 16 வயதில் எடுத்தது என்றால் திகதியை இன்றைக்கே பாருங்கள்.