துடுப்புச் சக்கரக் கப்பலுக்கு நம்பகமான பிளான் எங்கே கிடைக்கும்?

கேள்வி: தேயிலை ஸ்டோரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பக்கமும் சக்கரம் சுழலும் பழைய நீராவிக் கப்பல் ஒன்றின் மாடலைச் செய்து, பேரனோடு நுவரெலியா கிரகரி வாவியில் ஓட விட ஆசை. இணையத்தில் தேடினால் படங்கள்தான் வருகின்றன, அளவோடு கூடிய பிளான் கிடைக்கவில்லை. விலைக்கு விற்கும் பிளான்களை நம்பலாமா? எங்கே தேடுவது? (பொகவந்தலாவை வாசகர்)

பதில்: ஐயா, மலையகத்தில் கப்பல் மாடல் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, நம் முன்னோர் ஏறி வந்த தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலைத்தான். அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் 1914இல் அந்தப் பாதையில் ஓடத் தொடங்கிய கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் ஆகிய மூன்றும் டர்பைன் கப்பல்கள். பக்கச் சக்கரம் கிடையாது. 250 அடி நீளமான அந்த மூன்றையும் கட்டியது ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் இருந்த ஏ. அண்ட் ஜே. இங்லிஸ் யார்ட், அதாவது கப்பல் கட்டும் தளம். அதே யார்ட் 1946இல் நீரில் இறக்கிய ‘வேவர்லி’ ஒரு முழுமையான துடுப்புச் சக்கரக் கப்பல். இன்றும் பயணிகளை ஏற்றிக் கடலில் ஓடுகிறது. முதல் மாடலுக்கு நான் சொல்வது அதைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பல் என்பதால் எந்த மூலையைப் பார்க்க வேண்டுமென்றாலும் புகைப்படம் இருக்கும். மாடல் செய்பவர்களுக்கென்றே வரைந்த பிளான்களும் விலைக்கு உண்டு.

வேறு கப்பல்தான் வேண்டுமென்றால், பெயரை மட்டும் போட்டுத் தேடாதீர்கள். ஒரே பெயரில் பல கப்பல்கள் இருந்திருக்கின்றன. வேவர்லி என்ற பெயரிலேயே 1899இல் கட்டிய ஒன்று 1940இல், போரின்போது, பிரான்ஸின் டன்கேர்க்கில் மூழ்கியது. பழைய வரைபடங்களைக் கண்டுபிடிக்க உதவுவது கட்டிய யார்டின் பெயரும், அந்த யார்ட் கப்பலுக்குக் கொடுத்த எண்ணும்தான். ஸ்கொட்லாந்தில் கட்டியதென்றால் ‘ஸ்கொட்டிஷ் பில்ட் ஷிப்ஸ்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம். கப்பல்களைப் பரிசோதித்துத் தரப்படுத்தும் லொயிட்ஸ் ரெஜிஸ்டரின் ஃபவுண்டேஷன் தன் பழைய பரிசோதனை அறிக்கைகளையும் பிளான்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகவே வைத்திருக்கிறது, அங்கேயும் தேடுங்கள்.

எண் கையில் வந்த பிறகு ஆவணக் காப்பகத்துக்கு மின்னஞ்சல் எழுதலாம். லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் ஏராளமான பிளான்கள் இருக்கின்றன. ஸ்கொட்லாந்தின் டம்பார்டனில் 1963 வரை இயங்கிய டென்னி யார்டின் வரைபடத் தொகுப்பும் அங்கேதான். பர்மாவின் ஐராவதி ஆற்றுக்குப் பல துடுப்புச் சக்கரக் கப்பல்களைக் கட்டிய யார்ட் அது. கிளாஸ்கோ பல்கலைக்கழகக் காப்பகத்திலும் கிளைட் ஆற்றங்கரை யார்டுகள் பலவற்றின் பதிவுகள் உள்ளன. அமெரிக்கக் கப்பல் என்றால் அங்குள்ள காங்கிரஸ் நூலகத்தின் வரலாற்றுப் பொறியியல் பதிவுகளைப் பாருங்கள், பெரிய அளவுக் கோப்புகளை இலவசமாக இறக்கலாம். 1856இல் தொடங்கிய ‘தி எஞ்சினியர்’ வார இதழில் நீராவிக் கப்பல்களின், முக்கியமாக இயந்திரங்களின், நல்ல வரைபடங்கள் வந்தன. பழைய இதழ்களை இணையத்தில் பார்க்கலாம்.

காப்பகத்துக்கு எழுதும்போது ‘பிளான் இருக்கிறதா’ என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் வரைபடத்தைத்தான் காட்டுவார்கள். அது உங்கள் ஸ்டோரின் லேஅவுட் பிளான் மாதிரி. ரோலர் எங்கே, டிரையர் எங்கே என்று சொல்லும்; ரோலரின் வார்ப்பு எப்படி வளைகிறது என்று சொல்லாது. அதில் தளங்கள், புகைபோக்கி, அறைகள் எல்லாம் அழகாக இருக்கும், ஆனால் உடலின் வளைவு இருக்காது. அதற்கு லைன்ஸ் பிளான் வேண்டும். கப்பலைப் பாண் துண்டு மாதிரிக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் என்ன வடிவம் என்று காட்டுவது அதுதான். பலகையில் விலா எலும்புகளை வெட்டுவதற்கு அது இல்லாமல் முடியாது. மூன்றாவதாக, சக்கரத்தின் தனி வரைபடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கிடைத்தால் விடக்கூடாத இன்னொன்று உண்டு: ஓஃப்செட் அட்டவணை. ஒவ்வொரு வெட்டிலும் நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று எண்களாகவே எழுதிய தாள் அது. வரைந்த தாள் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நம் பக்கத்துப் பனிமூட்டத்தில் கேட்கவே வேண்டாம். எண் எங்கே வைத்தாலும் மாறாது. அட்டவணை கிடைத்தால் நான் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, அந்த எண்களிலிருந்தே புதிதாக வரைவேன்.

விலைக்கு விற்கும் பிளானை நம்பலாமா என்று கேட்டீர்கள். சோதித்துப் பார்த்துவிட்டு நம்பலாம். பல வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒரு பிளான் பார்க்க அவ்வளவு நேர்த்தியாக இருந்தது. மூன்று மாதம் உழைத்து உடலைக் கட்டி முடித்து, சக்கரத்தைப் பெட்டிக்குள் வைத்தால் உட்காரவில்லை. பிறகு பிளானில் இருந்த சக்கர வட்டத்தை அளந்தேன். குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே வேறு அளவு. போட்டோகொபி எடுத்தபோது தாள் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. வட்டம் முட்டையானால் கப்பல் முழுக்க அப்படித்தான் இழுபட்டிருக்கும். மற்றக் கப்பல்களின் பிளானில் இப்படி ஒரு பெரிய வட்டம் கிடைப்பதில்லை. துடுப்புச் சக்கரக் கப்பல் செய்கிறவர்களுக்கு அது பெரிய வசதி, முதலில் அதை அளந்து பாருங்கள்.

அப்புறம், எழுதியிருக்கும் அளவுகளை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். வேவர்லியின் அகலம் 57 அடி 3 அங்குலம் என்று படிப்பீர்கள். அது சக்கரப் பெட்டிகளையும் சேர்த்த அகலம். உடல் மட்டும் 30 அடி சொச்சம்தான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கப்பல் தொட்டியாகிவிடும். நீளத்திலும் அப்படியே. பதிவேடுகளில் இருக்கும் நீளம் பெரும்பாலும் முனைக்கு முனை நீளமாக இருக்காது.

சக்கரம் உங்கள் கைக்கு ஏற்ற வேலை. சாதாரணச் சக்கரத்தில் பலகைகள் அசையாமல் பொருத்தியிருக்கும். தண்ணீரை அறைந்துகொண்டு இறங்கி, வெளியே வரும்போது தண்ணீரைத் தூக்கி வீணாக்கும். ஃபெதரிங் சக்கரத்தில் பலகைகள் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். அச்சின் மையத்துக்குச் சற்று முன்னால், வெளிச்சட்டத்தில் ஒரு எக்சென்ட்ரிக், அதாவது மையம் விலகிய வட்டம், இருக்கும். அதைச் சுற்றும் வளையத்திலிருந்து ஒவ்வொரு பலகைக்கும் ஒரு தண்டு போகும். ஒரே ஒரு தண்டு மட்டும் வளையத்தோடு இறுக்கமாகப் பொருத்தியிருக்கும், வளையத்தை இழுத்துச் சுற்றுவது அதுதான். மற்றவை பின்னில் ஆடும். பிளானில் அந்த ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். எல்லாவற்றையும் இறுக்கினால் சக்கரம் சுற்றாது, எல்லாவற்றையும் ஆட விட்டால் பலகைகள் தன்பாட்டுக்குத் திரும்பும்.

அளவுவிகிதம் பற்றி ஒரு வார்த்தை. யார்ட் பிளான்கள் ஒரு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 1:48, அல்லது அரைக்கால் அங்குலம், அதாவது 1:96 என்று வரும். வேவர்லி 239 அடி சொச்சம். 1:48இல் செய்தால் 152 சென்டிமீட்டர், அதை பஸ்ஸில் நுவரெலியாவுக்குக் கொண்டு போக முடியாது. 1:96இல் 76 சென்டிமீட்டர், வாவிக் காற்றுக்கு அது இலேசு. நான் 1:72இல் செய்வேன். நீளம் 101 சென்டிமீட்டர், சக்கரப் பெட்டியோடு அகலம் 24. ஆட்டோவின் பின் சீட்டில் குறுக்கே வைத்துப் போகலாம்.

அச்சிட, கண்டியில் வீட்டுப் பிளான் அச்சிடும் பெரிய பிரிண்டர் உள்ள கடைக்குப் போங்கள். 1:96 கோப்பை 1:72 ஆக்க 133.3 வீதம் என்று சொல்லுங்கள், ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிடச் சொல்லுங்கள். இரும்பு அடிமட்டம் ஒன்றைக் கையோடு கொண்டு போய், சக்கர வட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடையிலேயே அளந்து பாருங்கள். சரியாக இருந்தால் காசைக் கொடுத்து, தாளை மடிக்காமல் சுருட்டி, பி.வி.சி. குழாய்க்குள் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.