குளுகுளு ஊர்ல காய்கறித் தோட்டம் போடணும், எங்க குடியேறலாம்?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காங்க: "வீட்லயிருந்தே வேலைங்கிறதால எங்க வேணாலும் போய் இருக்கலாம். கொளுத்துற வெயிலும் வேணாம், நடுங்குற குளிரும் வேணாம், முடிஞ்சா வருஷம் பூரா காய்கறி போடணும். வருஷ சராசரி வெப்பம் 14, 15 டிகிரி வர்ற ஊரா பாத்து லிஸ்ட் எடுத்து வச்சிருக்கேன். இதுல எதை எடுக்கலாம்?"

மொதல்ல அந்த லிஸ்ட்டை ஓரமா வச்சிருங்க. செடிக்கு சராசரின்னு ஒண்ணு தெரியவே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் இன்னைக்கு ராத்திரி எவ்ளோ குளிருது, நாளைக்கு மத்தியானம் எவ்ளோ காயுது, அவ்ளோதான். பெய்ஜிங்கோட வருஷ சராசரி 12, 13 டிகிரி பக்கம் வரும், மலைமேல 2,850 மீட்டர் உயரத்துல இருக்கிற ஈக்வடார் தலைநகர் கித்தோவுக்கு 14 பக்கம் வரும். நம்பரைப் பாத்தா அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும், ஆனா பெய்ஜிங்ல ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குக் கீழ போயி ஜூலைல 26, 27க்கு ஏறிரும், கித்தோல எந்த மாசம் பாத்தாலும் அதே 14தான். நீங்க தேடுறது ரெண்டாவது வகை. அதனால ஊருக்கு ஊர் பாக்க வேண்டியது மாச வாரியா ராத்திரி குறைஞ்சபட்ச வெப்பம், அப்புறம் குளிர்காலம் முடியுறப்ப கடைசி உறைபனி எப்போ, அடுத்த குளிர்காலத்துக்கு முதல் உறைபனி எப்போங்கிற தேதி. இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல இருக்கிற நாள்தான் தக்காளி, பீன்ஸ், வெள்ளரிக்கு உங்க கையில இருக்கிற காலம்.

மிதமான குளிர்னு சொன்னாலும் அதுல ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு பூமத்திய ரேகைப் பக்கத்து மலை ஊர், இன்னொண்ணு லண்டன் மாதிரி கடல்காத்து குளிரை மட்டுப்படுத்துற ஊர். வெப்பம் ரெண்டுலயும் ஒத்துப்போற மாசம் இருக்கும், ஆனா பகல் நேரம் சுத்தமா வேற. மலை ஊர்ல வருஷம் பூரா ஏறக்குறைய 12 மணி நேரம் பகல். லண்டன்ல ஜூன்ல 16 மணி நேரத்துக்கு மேல, டிசம்பர்ல 8க்கும் கொஞ்சம் கம்மி. பகல் 10 மணி நேரத்துக்குக் கீழ இறங்கிட்டா கீரைகூட உயிரோட நிக்குமே தவிர வளராது, அதனால அந்த மாதிரி ஊர்ல வருஷம் பூரா அறுவடை வேணும்னா குளிர்காலத்துக்கு வேண்டியதை முன்னாடியே வளத்து நிலத்துல நிறுத்தி வச்சுக்கணும். வெங்காயத்துக்கு இது இன்னும் முக்கியம். பகல் நீண்டாத்தான் காய் கட்டுற நீண்ட பகல் ரகத்தைக் கொண்டுபோய் பூமத்திய ரேகைப் பக்கம் நட்டா தாள் மட்டும் செழிப்பா வரும், அடியில வெங்காயம் கட்டாது. எங்க போறீங்களோ அந்தப் பகலுக்கு ஏத்த விதைதான் வாங்கணும்.

அடுத்து உங்களுக்கு எந்தக் காய் முக்கியம்னு உக்காந்து யோசிங்க. பட்டாணி, முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், லெட்யூஸ்னா குளிர் ஊர் சொர்க்கம், பட்டாணி விதை மண்ணு 5 டிகிரி இருந்தாலே மெதுவா முளைக்கும். தக்காளிதான் உயிருன்னா ராத்திரி 13 டிகிரிக்கு மேல நிக்கிற மாசம் எத்தனைன்னு எண்ணுங்க, அதுக்குக் கீழ போச்சுன்னா பூ கொத்துக் கொத்தா வரும், மகரந்தம் சரியா வேலை செய்யாம காய் பிடிக்காம உதிரும். ரெண்டு மூணு மாசம்கூட தேறலைன்னா ஒரு பிளாஸ்டிக் குடிலுக்கும் சேத்து இடம் பாருங்க. இன்னொண்ணு, முட்டைக்கோஸ், வெங்காயமெல்லாம் தண்டு பென்சில் தடிமனுக்கு வந்த பிறகு சில வாரம் 10 டிகிரிக்குக் கீழ இருந்துட்டா, குளிர்காலம் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சு பூத்தண்டு விட்டுரும், அப்புறம் சாப்பிட ஒண்ணும் இருக்காது. குளிர் ஊருக்குப் புதுசா வர்றவங்க தலையில கை வைக்கிறது பெரும்பாலும் இங்கதான்.

இதெல்லாம் ஊர் கணக்கு. ஆனா என் அனுபவத்துல ஊரைவிட மனைதான் முக்கியம், இதை நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்குத் திருப்தி வராது. காத்தில்லாத, மேகமில்லாத ராத்திரியில தரை சூட்டை இழக்கும், குளிர்ந்த காத்து கனமானது, அது தண்ணி மாதிரியே சரிவுல இறங்கி பள்ளத்துல போய்த் தேங்கும். நான் முன்னாடி ஒரு சரிவான நிலத்துல ரெண்டு தெர்மாமீட்டர் வச்சிருந்தேன், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ வேலி ஓரம், நடுவுல நாப்பது அடிகூட இருக்காது. ஒருநாள் விடியக்காலைல போய்ப் பாத்தா மேல 3 டிகிரி காட்டுது, கீழ பூஜ்யத்துக்கும் கீழ. கீழ்ப்பாத்தி பீன்ஸ் இலையெல்லாம் வெந்நீர் ஊத்துன மாதிரி துவண்டு தண்ணி கோத்து நின்னுச்சு, வெயில் ஏறுனதும் கறுத்துப் போச்சு, மேல்பாத்தில ஒரு இலைக்கும் ஒண்ணுமில்ல. அந்த அடர்த்தியான வேலிதான் குளிர்காத்தை அணை கட்டுன மாதிரி தேக்கி வச்சிருக்கு, அடியில கொஞ்சம் திறந்து விட்ட பிறகு நிலைமை எவ்ளோவோ தேவலாம்னு ஆச்சு. அதனால பள்ளத்தாக்கோட அடியும் வேணாம், காத்து அறையுற உச்சியும் வேணாம், சரிவோட நடுப்பகுதியைப் பாருங்க. உயரம் 1,000 மீட்டர் ஏறுனா வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும்னு ஒரு கணக்கு இருக்கு, அது பொதுக் கணக்குதான், அமைதியான ராத்திரியில பள்ளம் அதைத் தலைகீழாக்கிரும்.

வெயிலும் பாக்கணும், ஆறு மணி நேரமாவது நேரடியா விழணும். கோடைல போய்ப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு வாங்கிராதீங்க. 50 டிகிரி அட்சரேகைல குளிர்காலத்துல நடுப்பகல்லகூட சூரியன் 16, 17 டிகிரி உயரத்துலதான் நிக்கும், 6 மீட்டர் உயர வீடு ஒண்ணு 20 மீட்டருக்கு நிழல் போடும். வட கோளத்துல தெற்கு பாத்த சரிவு, தென் கோளத்துல வடக்கு பாத்த சரிவு நல்லது. மத்தியானமானா மேகம் கூடுற மலை ஊரா இருந்தா கிழக்கு பாத்த இடம் எடுங்க, காலை வெயில் கிடைக்கும், இலைல இருக்கிற பனியும் சீக்கிரம் காயும்.

அந்த ஈரம் காயுறது சின்ன விஷயம் இல்ல. மிதமான குளிரும் விடாத ஈரமும் சேந்த இடம்தான் உருளைக்கிழங்கு, தக்காளியைத் தாக்குற பின்பருவ இலைக்கருகலுக்கும் பிடிச்ச இடம், 1845ல அயர்லாந்துல உருளை விளைச்சலை அழிச்சதும் இதே நோய்தான். காத்தோட்டம் இல்லாம மூடிக் கிடக்குற மனைன்னா ரெண்டு தடவை யோசிங்க.

மண்ணைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க, உரமும் சுண்ணாம்பும் போட்டுச் சரி பண்ணிக்கலாம், ஆனா வடிகால் மட்டும் பாருங்க: ஒரு அடி ஆழத்துக்குக் குழி தோண்டி தண்ணி ரொப்பி, அது இறங்கினதும் மறுபடி ரொப்பி மணிக்கு எவ்ளோ இறங்குதுன்னு அளங்க, 2.5 செ.மீக்கும் கம்மின்னா மேட்டுப்பாத்தி இல்லாம முடியாது. முன்னாடி அங்க முட்டைக்கோஸ் குடும்பத்தைத் தொடர்ந்து போட்டாங்களான்னும் கேளுங்க, வேர் முண்டு முண்டா வீங்குற நோய் மண்ணுல ஒருதடவை வந்துட்டா பல வருஷம் போகாது, அமில மண்ணுல இன்னும் மோசம்.

கடைசியா, உடனே வாங்காதீங்க. இந்தக் கணக்குல தேறுற ரெண்டு ஊரைப் பிடிச்சு, ஒண்ணுல ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பாருங்க. குறைஞ்சபட்சம் அதிகபட்சம் பதிவு பண்ற சாதாரண தெர்மாமீட்டர் ரெண்டு வாங்கி, பிடிச்ச மனையோட சொந்தக்காரர்கிட்ட கேட்டு மேல ஒண்ணு கீழ ஒண்ணு நிழல்ல மாட்டி வைங்க. பனி விழுற காலத்துல ஒரு காலைல சூரியன் வர்றதுக்கு முன்னாடி போய் நில்லுங்க, எங்க வெள்ளையா பூத்திருக்கு, எங்க புல்லு பச்சையா இருக்குன்னு நடந்து பாத்து குறிச்சுக்கோங்க. பச்சையா இருக்கிற இடத்துல பாத்தி, வெள்ளையா இருக்கிற இடத்துல உரக்குழியோ கார் ஷெட்டோ.