கராஜ் கதவைத் தூக்குவது மோட்டார் அல்ல

வாசகி, மார்க்கம்:

ஐயா, போன கிழமை இரவு கராஜுக்குள் வெடி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. ஏதோ பெட்டி விழுந்துவிட்டது என்று நினைத்துப் படுத்துவிட்டோம். காலையில் வெளியே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை. பொத்தானை அழுத்தினால் கதவு அரை அடி உயர்ந்து நின்றுவிட்டது. கார் இன்னும் உள்ளேதான் நிற்கிறது. இணையத்தில் முதலில் வந்த இலக்கத்துக்கு அழைத்தோம். வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, மோட்டார் எரிந்துவிட்டது, ஸ்பிரிங், கேபிள், சில்லுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், 1,900 டொலர் ஆகும், இன்றே கையெழுத்திட்டால் குறைத்துத் தருகிறேன் என்றார். முந்தநாள் கையெழுத்திட்டு 400 டொலர் முற்பணமும் கொடுத்துவிட்டோம். பொருள்கள் வரவேண்டும் என்று சொல்லி அவர் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. என் கணவர் வீடியோ பார்த்து ஸ்பிரிங்கைத் தானே மாற்றிவிடலாம் என்கிறார். எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று எப்படி அறிந்துகொள்வது?

பதில்:

சகோதரி, உங்கள் மோட்டார் எரியவில்லை. கதவைப் பார்க்காமலே இதைச் சொல்கிறேன். எரிந்த மோட்டார் கதவை அரை அங்குலம்கூட அசைக்காது. உங்கள் மோட்டார் அரை அடி தூக்கியிருக்கிறது. அதற்குமேல் பாரம் தாங்காமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றிருக்கிறது. அது நல்ல மோட்டார் செய்யும் வேலை. இரவில் நீங்கள் கேட்ட சத்தம் ஸ்பிரிங் உடைந்த சத்தம். கராஜுக்குள் போய், கதவுக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புத் தண்டைக் கீழே நின்றபடியே பாருங்கள். அதில் சுற்றியிருக்கும் தடித்த சுருளில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும். அந்த இடத்தில்தான் உடைந்திருக்கிறது.

இந்தத் தொழிலில் 22 வருடமாக இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் ஏமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: கதவை மோட்டார் தூக்குகிறது என்று எல்லோரும் நம்புகிறார்கள். இரண்டு கார் நிற்கும் கராஜின் கதவு ஏறக்குறைய 150 இறாத்தல் இருக்கும். பஞ்சு அடைத்த கதவென்றால் இன்னும் கூடும். அரைக் குதிரைவலு மோட்டாருக்கு அந்தப் பாரத்தைத் தினமும் தூக்கும் வலு கிடையாது. கதவு கீழே இறங்கும்போது ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. மேலே போகும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து, இரு பக்கக் கேபிள்கள் வழியாகக் கதவை இழுத்துத் தூக்குகிறது. மோட்டார் செய்வது, எடையற்றதுபோல் ஆகிவிட்ட கதவை மெல்லத் தள்ளிக் கொடுப்பது மட்டும்தான். ஸ்பிரிங் நன்றாக இருக்கும் கதவை உங்கள் பிள்ளைகூட ஒரு கையால் உயர்த்தலாம்.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். கதவின் பாரத்தைச் சுமக்கும் எதையும் நீங்கள் தொடக்கூடாது. ஸ்பிரிங், கேபிள், கேபிள் சுற்றும் உருளை, கதவின் அடி மூலைகளில் கேபிள் கொளுவியிருக்கும் தகடு, இவை எல்லாம் அதில் அடங்கும். அந்த அடித்தகட்டு ஆணிகளைத்தான் மக்கள் அறியாமல் கழற்றுகிறார்கள். பார்வைக்குச் சாதாரண ஆணிபோல் இருக்கும், ஆனால் கதவு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் முழு இழுவையும் அதில்தான் நிற்கிறது.

உங்கள் கணவரிடம் இதைச் சொல்லுங்கள். ஏழு அடி உயரக் கதவின் ஸ்பிரிங்கை ஏறக்குறைய ஏழரைச் சுற்று முறுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் சுற்று, ஆக முப்பது தடவை. அதற்கென்றே அளவாகச் செய்த இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கின்றன. வீடியோ பார்த்துச் செய்பவர்கள் வீட்டில் கிடைக்கும் திருப்புளியைச் செருகுகிறார்கள். அது துளைக்குள் சரியாகப் பொருந்தாது. இருபதாவது கால் சுற்றில் வழுக்கினால், கையிலோ தாடையிலோதான் வந்து அடிக்கும். தவிர, ஸ்பிரிங்கின் கம்பித் தடிப்பு, உள்விட்டம், நீளம் மூன்றும் கதவின் எடைக்குப் பொருந்த வேண்டும். கடையில் கிடைத்ததை வாங்கிப் பூட்டினால் கதவு ஏறும், ஆனால் மிச்சப் பாரத்தை மோட்டார் சுமந்து இரண்டு வருடத்தில் உண்மையிலேயே எரிந்துபோகும்.

இனி, எப்போது ஆளைக் கூப்பிடுவது என்பதற்கு ஓர் எளிய வழி. கதவு மேலே போக மறுத்தால் பெரும்பாலும் பாரத்தில் கோளாறு, ஆள் வேண்டும். கீழே இறங்க மறுத்துப் பாதியில் திரும்பி மேலே போனால் பெரும்பாலும் கதவின் பாதுகாப்புக் கண்ணில் கோளாறு, அதை நீங்களே பார்க்கலாம். கதவின் இரு பக்கமும் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில் இரண்டு சிறிய கண்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். அவற்றில் சிலந்தி வலை, உப்புத்தண்ணீர்க் கறை, சாய்த்து வைத்த பனித் துடுப்பு என்று எது மறைத்தாலும் கதவு மூடாது. துடையுங்கள், நேராக்குங்கள், இரண்டிலும் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பாருங்கள். மேற்கு பார்த்த வீடுகளில் மாலை வெயில் நேரே கண்ணில் விழுந்தாலும் இப்படி ஆகும். தொந்தரவு தருகிறதே என்று இரண்டு கண்களையும் கழற்றிக் கூரையில் ஒன்றுக்கொன்று எதிராக ஒட்டிவைத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கதவுக்கடியில் நசுங்கிக் குழந்தைகள் இறந்த பிறகுதான் அமெரிக்காவில் 1993 முதல் விற்கும் மோட்டார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயமானது. இங்கே விற்பனையாவதும் அதே மோட்டார்கள்தான்.

கதவு ஒரு பக்கம் சரிந்து ஏறினாலோ, கேபிள் தொங்கினாலோ, கேபிளின் இழைகள் பிரிந்து முடிபோல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, அன்றே நிறுத்துங்கள். இன்னொரு முறை அழுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். மோட்டார் உறுமுகிறது, ஆனால் கதவு அசையவில்லை, மோட்டார்ப் பெட்டிக்குக் கீழே வெள்ளை மா உதிர்ந்திருக்கிறது என்றால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்சக்கரம் தேய்ந்துவிட்டது. பல மோட்டார்களில் அந்தச் சக்கரத்தை மட்டும் மாற்றலாம். புது மோட்டார்தான் வழி என்பவரிடம், ஏன் சக்கரத்தை மாற்ற முடியாது என்று கேளுங்கள்.

குளிர்காலத்தில் மட்டும் முரண்டு பிடிக்கும் கதவுக்கு, அடியில் இருக்கும் ரப்பர் சீமெந்தோடு உறைந்து ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒட்டியிருந்தால் மெல்லச் சுரண்டி எடுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் அது மறுபடி உறைந்து இன்னும் இறுக்கும். சத்தம் போடும் கதவின் கீல்களுக்கும் சில்லுகளுக்கும் சிலிக்கோன் தெளிப்பு போதும். துருவை இளக்கும் எண்ணெயை அடிப்பவர்கள் இருந்த மசகையும் கழுவிவிடுகிறார்கள். தண்டவாளத்துக்கு எதுவும் பூச வேண்டாம், துடைத்தாலே போதும்.

ரிமோட் வேலை செய்யவில்லை என்று என்னைக் கூப்பிட்ட ஒரு முதிய தம்பதியின் வீட்டுக்குப் போனேன். சுவரில் இருக்கும் பொத்தான் பலகையில் ரிமோட்டைப் பூட்டும் சிறு பொத்தான் அழுந்தியிருந்தது. அதை இரண்டு விநாடி அழுத்தியதும் சரியாகிவிட்டது. எனக்கு முதல்நாள் வந்த ஒருவர் புது மோட்டாருக்கு விலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஐயா ஓய்வூதியத்தில் வாழ்பவர். அந்தக் காகிதத்தை மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது சிவப்புக் கயிறு. மோட்டார்த் தண்டிலிருந்து தொங்கும் அந்தக் கயிற்றை இழுத்தால் கதவு மோட்டாரிலிருந்து விடுபடும், கையால் திறக்கலாம். மின்சாரம் போனால் எல்லோரும் அதைத்தான் இழுக்கிறார்கள். கதவு மூடியிருக்கும்போது இழுப்பதில் ஆபத்தில்லை. கதவு திறந்திருக்கும்போது, அதுவும் ஸ்பிரிங் உடைந்திருக்கும்போது, ஒருபோதும் இழுக்கக்கூடாது. அந்த நேரம் 150 இறாத்தலையும் மேலே பிடித்து வைத்திருப்பது மோட்டாரின் அந்த ஒரு கொளுவிதான். கயிற்றை இழுத்த கணமே கதவு முழு எடையோடு விழும். ஒதுங்க நேரம் இருக்காது. நான் தொழிலுக்கு வந்த முதல் வருடம் ஸ்காபரோவில் ஒருவர் அப்படி இழுத்தார். கதவு காரின் முன்மூடியில் விழுந்து அதை நசுக்கியது. அவருடைய மகன் ஓரடி தள்ளி நின்றதால் தப்பினான்.

திறந்த நிலையில் ஸ்பிரிங் உடைந்தால் என்ன செய்வது? கதவை அப்படியே விடுங்கள். காரை வெளியே எடுக்கலாம் என்ற யோசனை வேண்டாம், கீழே நடக்கவும் வேண்டாம், பிள்ளைகளை உள்ளே போய்வர விடவும் வேண்டாம். பூட்டிக்கொள்ளும் இடுக்கி இருந்தால் இரு பக்கத் தண்டவாளத்திலும் கதவின் கடைசிச் சில்லுக்குக் கீழே இறுக்கிப் பூட்டுங்கள், மோட்டாரின் மின்செருகியைக் கழற்றுங்கள். திறந்த கராஜுக்குள் குளிர் வரும், திருட்டுப் பயமும் இருக்கும். ஆனாலும் ஆள் வரும்வரை அது திறந்தே இருக்கட்டும். உங்கள் கதவு அரை அடி உயரத்தில்தான் நிற்கிறது. அதனால் உங்களுக்கு இவ்வளவு ஆபத்து இல்லை. பொத்தானை இனி அழுத்தாதீர்கள், சிவப்புக் கயிற்றையும் இழுக்காதீர்கள்.

உங்களிடம் வந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இணையத் தேடலில் முதலில் வரும் விளம்பர இலக்கங்களில் பல, பட்டறை வைத்திருப்பவர்களுடையவை அல்ல. எங்கோ இருக்கும் அழைப்பு நிலையம் தொலைபேசியை எடுக்கிறது, அந்த அழைப்பை யாரோ ஒருவருக்கு விற்கிறது. வருபவருக்குப் பில் தொகையில் பங்கு, ஆகவே பில்லைப் பெருக்குவதில்தான் அவருடைய சம்பளம் இருக்கிறது. பார்க்க வர 29 டொலர் மட்டும் என்பார்கள், வந்த பிறகு எல்லாமே பழுது என்பார்கள். ஆயுள்கால உத்தரவாதம் என்றும் சொல்வார்கள். அது ஸ்பிரிங்குக்கு மட்டும், மறுமுறை பூட்டுவதற்குக் கூலி தனி. இந்த நாட்டில் மின்கம்பி இழுக்க உரிமம் வேண்டும், எரிவாயு அடுப்புப் பூட்ட உரிமம் வேண்டும். பிள்ளைகளின் தலைக்கு மேல் 150 இறாத்தலைத் தொங்கவிடும் வேலைக்கு ஒன்ராறியோ மாகாணம் அப்படியொரு தொழில் உரிமம் கேட்பதில்லை. ஒரு வாகனமும் ஒரு ஏணியும் இருந்தால் நாளைக் காலையிலேயே தொழில் தொடங்கலாம். நாங்கள் எத்தனை வருடம் சொல்லியும் இது யாருக்கும் அவசரமாகத் தெரியவில்லை.

ஒரு விடயத்தில் மட்டும் அவர் உங்களை ஏமாற்றவில்லை. இரண்டு ஸ்பிரிங் இருந்து ஒன்று உடைந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி. வழக்கமாகப் பூட்டும் ஸ்பிரிங் ஏறக்குறைய 10,000 தடவை திறந்து மூடத் தாங்கும். நாளுக்கு நான்கு தடவை என்றால் ஏழு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்று போய்விட்டதென்றால் மற்றதும் தன் காலத்தை முடித்துவிட்டது. சேர்த்து மாற்றினாலும் அது சில நூறு டொலர்களில் முடிய வேண்டிய வேலை.

உங்கள் 400 டொலருக்கு வருகிறேன். ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிய 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் பிரதி உங்கள் கைக்கு வந்த 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். உங்களுக்கு நாள் இருக்கிறது. தொலைபேசியில் சொல்லி விட்டுவிடாதீர்கள், இன்றே மின்னஞ்சலில் எழுதுங்கள், பிரதியை வைத்திருங்கள். மறுத்தால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். அடுத்து வருபவரிடம் வேலை தொடங்குமுன் விலையை எழுத்தில் வாங்குங்கள். எழுதிக் கொடுத்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் கேட்க அதே சட்டம் இடம் தராது.

புதிதாக ஒருவரை அழைக்கும்போது, கதவு வேலை செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். "முறுக்கு ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, கதவு 16 அடிக்கு 7 அடி, இரண்டு ஸ்பிரிங்கும் மாற்றக் கூலியோடு எவ்வளவு?" என்று கேளுங்கள். அளவை நீங்களே ஒரு தடவை நாடா பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வந்து பார்த்தால்தான் சொல்வேன் என்று அடம்பிடிப்பவரை விட்டுவிட்டு அடுத்தவருக்கு அழையுங்கள். பட்டறை முகவரி கேளுங்கள்.

வேலை முடிந்து அவர் புறப்படுமுன், மூடிய கதவின் சிவப்புக் கயிற்றை இழுத்து, கையால் இடுப்பு உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். கதவு அங்கேயே நிற்க வேண்டும். விழுந்தாலோ தானாக மேலே ஓடினாலோ முறுக்கு சரியில்லை, திருத்தச் சொல்லுங்கள். பிறகு மோட்டாரைக் கொளுவி, ஒன்றரை அங்குலத் தடிப்புப் பலகையைத் தரையில் படுக்கப்போட்டுக் கதவை மூடச் சொல்லுங்கள். பலகையில் பட்டதும் கதவு திரும்பி மேலே போக வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.